மினிபஸ்ஸின் பிரேக் விளக்கு

பதினாறு வருஷமாக ஹாங்காங் சினிமாவில் எந்தக் கதாநாயகி காரை எடுத்துக்கொண்டு பறந்தாலும், அந்தக் காருக்குள் உட்கார்ந்திருந்தது லுக் ஃபாய்தான். ஒடிசலான உடம்பு, நீளக் கழுத்து, பேருக்குக்கூட மீசை முளைக்காத முகம். தலையில் விக்கை மாட்டிவிட்டால், பின்னாலிருந்து பார்க்கிறவன் பெண் என்றே சத்தியம் செய்வான். அந்த விக்கும் கம்பெனி கொடுத்தது அல்ல, சொந்த விக். பிஸ்கட் டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், ஷாம்பு போட்டு அலசி, ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயப் போடுவான். சட்டைக்கும் பாவாடைக்கும் நடுவே கூந்தல் ஆடுவதைப் பார்த்து மேல்மாடிக்காரன் அடிக்கிற கிண்டலுக்கு இன்னும் முற்றுப்புள்ளி வந்தபாடில்லை.

கிண்டல் அவனுக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். தியேட்டரில் கார் மூன்று மாடி இறங்கி, சந்தைக்குள் புகுந்து, நூல் இடைவெளியில் தப்பிக்கும்போது ஜனம் கை தட்டும். உடனே காருக்குள் கதாநாயகியின் முகம் வரும். 'அடேய், அது நான்டா' என்று கத்தத் தோன்றும். யாரிடம் கத்துவது?

சண்டை இயக்குநர் குவான் மாஸ்டருக்கு இது தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் அவர் ஃபாயின் தோளைத் தட்டி, "என் படத்துல ஒருநாள் ஹீரோ வண்டி கடலைத் தாண்டும்டா. அன்னைக்கு நீ உன் சொந்த முடியோட ஓட்டு" என்றார். மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னால் அது கல்லில் எழுதியது மாதிரி என்பது ஃபாயின் எண்ணம். அன்றிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்காக முடிவெட்டிக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டான்.

அந்தப் படமும் வந்தது. கடைசிக் காட்சியில் ஹீரோ வண்டி படகுத்துறையிலிருந்து பறந்து, கடலில் நிற்கிற சரக்குத் தோணியின்மேல் போய் இறங்க வேண்டும். கூடவே கிட்-லிங்கும் வந்தாள்.

ஹங் கிட்-லிங்குக்கு இருபத்தாறு வயது. அப்பாவின் பூக்கடை வேனை ஓட்டிக் கை பழகியவள். மக்காவ் தெருப் பந்தயத்தில் மூன்று வருஷம் ஓடியிருக்கிறாள். சினிமாவுக்குப் புதிது. கதாநாயகிக்கு ஓட்டத்தான் கூப்பிட்டார்கள் என்று ஃபாய் கேள்விப்பட்டான். 'சரி, என் விக்குக்கு ஓய்வு' என்று சந்தோஷம்கூடப் பட்டான், பாவம். அவளைப் பார்த்ததும்தான் சந்தேகம் தட்டியது. முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். அகலத் தோள். தோல் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றால் ஹீரோவுக்கு அண்ணன் தம்பி யாரும் வேண்டாம், அப்படியே அச்சு.

படத்தின் பூஜை அன்று முழுப் பன்றி வறுத்து, சிவப்புத் துணி போர்த்திய கேமராவுக்கு முன்னால் வைத்திருந்தார்கள். இயக்குநர், நடிகர்கள் எல்லோரும் ஊதுபத்தி வைத்த பிறகு வண்டி ஓட்டுகிறவர்களின் முறை. ஹீரோ வண்டியை ஓட்டுகிறவன்தான் முதல் பத்தி வைக்க வேண்டும், அது வழக்கம். ஃபாய் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தான். மாஸ்டர் பத்தியை அவனைத் தாண்டி நீட்டினார். கிட்-லிங் வாங்கிக்கொண்டாள்.

தூக்கிய காலை எங்கே வைப்பது என்று ஃபாய்க்குத் தெரியவில்லை. படப்பிடிப்பில் தேநீர் கொடுக்கிற லின் அக்கா இதைப் பார்த்துவிட்டாள். அவள் கண்ணில் படாதது எது?

"என்ன ஃபாய், பன்னிக்குப் பக்கத்துல போய் நிக்கறே? அதுக்கு அடுத்து உன்னைத்தான் வெட்டப் போறாங்களா?"

"சும்மா இரு அக்கா."

"நான் சும்மாதான் இருக்கேன். உன் மூஞ்சிதான் எரியுது."

பிறகு மாஸ்டரே வந்து சொன்னார். அவருக்கும் சங்கடம்தான். "அந்தப் பொண்ணு ஹீரோ மாதிரியே இருக்காடா. கேமராவைக் கிட்ட கொண்டு போகலாம். உன்னை வச்சா தூரத்துலதான் எடுக்கணும். கதாநாயகி மினிபஸ் ஓட்டறவ. சந்துல வளைச்சு வளைச்சு ஓட்ட உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"அப்ப தோணி சீன்?"

மாஸ்டர் சிகரெட்டைத் தேடினார்.

அன்றிலிருந்து ஃபாய்க்குச் சோறு இறங்கவில்லை. அவள் கெட்டவளாக இருந்தாலாவது நிம்மதியாகத் திட்டலாம். அவளோ வாய்க்கு வாய் அண்ணே என்பாள். காலையில் தனக்கு ரொட்டி வாங்கினால் அவனுக்கும் ஒன்று சூடாகக் கொண்டுவருவாள். டயரில் காற்று எவ்வளவு, ஈர ரோட்டில் கைபிரேக்கை எங்கே பிடிக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வாள். அவன் ஒருமுறை சொன்னதை அவள் இரண்டாவது தடவை அவனைவிட நன்றாகச் செய்வாள். எரியாமல் என்ன செய்யும்? ராத்திரி படுத்தால் அவள் வண்டி வளைகிற சத்தம் காதுக்குள் கேட்கும். அவ்வளவு சுத்தமான சத்தம். அவன் பல்லைக் கடித்துக்கொள்வான்.

குவுன் டோங்கில் ஃபேக்டரிகள் மூடிக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஹீரோவும் கதாநாயகியும் முதன்முதலாகச் சந்திக்கிற காட்சி. ஒரு நாற்சந்தி. பெரிய ரோட்டில் ஹீரோ வண்டி பறந்து வரும். குறுக்குத் தெருவிலிருந்து கதாநாயகியின் சிவப்பு மினிபஸ் சந்தியைக் கடக்கும். பஸ்ஸின் வால் விலகுகிற அந்த நொடியில் ஹீரோ வண்டி அதன் பின்னால் உரசாமல் பாய வேண்டும். இரண்டு தெருவுக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை. ஒரு வண்டியில் இருக்கிறவருக்கு மற்ற வண்டி தெரியாது. ஆகவே கண்ணை நம்ப முடியாது, மாஸ்டரின் ஹாரனிலிருந்து எண்ணுகிற எண்ணிக்கையைத்தான் நம்ப வேண்டும். அனுமதி கினுமதி எதுவும் கிடையாது. இருந்த வாக்கி டாக்கியை எல்லாம் போலீஸ் வருகிறதா என்று பார்க்கிற ஆட்களிடம் கொடுத்தாயிற்று. ஒரே டேக், எடுத்ததும் ஓட்டம்.

முந்தின நாள் பேசி வைத்தபடி கேமரா வழக்கமான வேகம், வினாடிக்கு இருபத்துநான்கு படம். அவள் எண்பதில் வர வேண்டும். ஆனால் ராத்திரி மழை பெய்து ரோடு கண்ணாடியாக வழுக்கியது. மாஸ்டர் செருப்பால் தரையைத் தேய்த்துப் பார்த்தார். கேமராவை மெதுவாக ஓடவிட்டால், வண்டி மெதுவாக வந்தாலும் திரையில் பறக்கும். ஹாங்காங் படங்களில் பாதி வேகம் இந்த வித்தைதான். ஃபாயின் மினிபஸ்ஸுக்கு முன்னால் சிகரெட் பெட்டியையும் லைட்டரையும் வைத்து நகர்த்திக் காட்டினார்.

"கேமரா பதினெட்டு. அவ அறுபதுல வரட்டும். அப்ப அவ சந்திக்கு வர்றது பன்னெண்டாவது எண்ணிக்கை. நீ மூக்கை நுழைக்கறது ஒன்பது, வால் வெளிய போறது பன்னெண்டு. நீ உன் இடத்துக்குப் போற வழியிலதானே அவ நிக்கறா? சொல்லிட்டுப் போ."

வேகம் மாறினால் ஓட்டுகிறவன்தான் அடுத்து ஓட்டுகிறவனுக்குச் சொல்ல வேண்டும். உயிரோடு விளையாடுகிற தொழிலில் அதைவிடப் பெரிய கடமை இல்லை. ஃபாய் தலையாட்டிவிட்டு விக்கைச் சரிசெய்துகொண்டு கிளம்பினான்.

கிட்-லிங் வண்டிக் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். ஹீரோவின் தோல் சட்டை. நெற்றியில் ஹீரோவின் காயம்கூட வரைந்திருந்தார்கள். ஃபாய் மினிபஸ்ஸை நிறுத்தினான். பக்கக் கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. உதட்டுச் சாயமும், தோளில் புரள்கிற கூந்தலுமாக.

"மாஸ்டர் எதாவது மாத்தினாரா அண்ணே?"

சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவள் ஜன்னல் வழியாக ஒரு காகிதப் பையை நீட்டினாள். "இந்தாங்க, ரொட்டி. ஆறிடப் போகுது. நீங்க இன்னைக்கு ரொம்ப அழகா இருக்கீங்க."

கிண்டலே இல்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் கொன்றது.

"ஒண்ணும் மாத்தல. அதே எண்பதுதான்" என்றான் ஃபாய்.

அவன் போட்ட கணக்கு இவ்வளவுதான். அவள் எண்பதில் வந்தால் மூன்று எண்ணிக்கை முன்னாலேயே வந்துவிடுவாள். பஸ் வருவதற்கு முன்பே வெறும் சந்தியைத் தாண்டிப் போய்விடுவாள். ஷாட் பாழ். திரையில் அவள் வண்டி பொம்மை கார் மாதிரி குடுகுடுவென்று ஓடும். மாஸ்டர் நாய் படாத பாடு படுத்துவார். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. மற்றபடி அவள் தலையில் ஒரு முடிகூட உதிர வேண்டாம் என்றுதான் நினைத்தான். என்ன பெருந்தன்மை, பாருங்கள்!

மாஸ்டர் ஹாரன் அடித்தார். ஃபாய் எண்ண ஆரம்பித்தான். நாலில் பஸ்ஸை நகர்த்தினான். ஐந்து. ஆறு. ரொட்டியின் வாசனை வண்டி முழுக்க வந்துகொண்டிருந்தது. மூன்று முன்னால் என்றால் அவள் சந்திக்கு வருவது எப்போது? பன்னிரண்டில் மூன்று போனால் ஒன்பது. ஒன்பதில் சந்திக்குள் மூக்கை நுழைப்பது யார்?

அவன்தான். இருபது வருஷமாக ஸ்டியரிங் பிடித்தவன், பொறாமை கண்ணை மறைத்ததில் சின்னக் கழித்தலைக் கோட்டை விட்டான்.

ஏழு என்று வாய் சொல்வதற்குள் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. ஈர ரோட்டில் மினிபஸ் சறுக்கிக்கொண்டே போய், கொட்டகையைத் தாண்டி, சந்திக்குள் இரண்டு முழம் மூக்கை நீட்டி நின்றது. அவள் வந்தாள். விலகியிருக்க வேண்டிய பஸ் எதிரே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. வேறு யாராக இருந்தாலும் பிரேக்கை மிதித்து நேரே வந்து மோதியிருப்பார்கள். அவள் கைபிரேக்கைப் பிடித்து வண்டியைப் பக்கவாட்டில் திருப்பி, பஸ்ஸின் மூக்கைச் சுற்றி அப்படியே வழித்துக்கொண்டு போனாள். மினிபஸ்ஸின் முன்விளக்கு ஒன்று மட்டும் தெறித்தது. அவள் வண்டி வந்த திசைக்கே திரும்பி, காலி மீன் பெட்டிகளில் இடித்து நின்றது.

எல்லோரும் ஓடினார்கள். ஃபாய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். அந்த நேரத்திலும் மனசு என்ன சொன்னது தெரியுமா? 'இப்படி எனக்கு வராது.' வெட்கம் கெட்ட மனசு.

மாஸ்டர் முகம் வெளுத்திருந்தது. "அறுபதுன்னு சொல்லி அனுப்பினேனே! எண்பதுல வந்திருக்கா! ஏன்டா ஃபாய், சொன்னியா இல்லையா?"

"சொன்னேன் மாஸ்டர்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கிட்-லிங் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வரைந்த காயத்தோடு உண்மைக் கீறல் ஒன்றும் சேர்ந்திருந்தது. ஃபாயைப் பார்த்தாள். அவன் விக்கின் முடிக்குள் முகத்தை மறைத்துக்கொள்ளப் பார்த்தான்.

"சொன்னாரு மாஸ்டர்" என்றாள் அவள். "நான்தான் மறந்துட்டேன். என் தப்பு."

மாஸ்டர் அவளைக் காது கூசத் திட்டினார். அவள் தலை குனிந்து வாங்கிக்கொண்டாள். எது ஃபாய்க்கு வேண்டியதோ அது வரி விடாமல் நடந்தது. ஆனால் நெஞ்சில் ஒரு சொட்டுக்கூட இனிக்கவில்லை.

சாயந்திரம் வண்டிகளைக் கட்டி ஏற்றும்போது அவள் அவனைத் தேடி வந்தாள். கையில் பணம் வைத்த ஒரு சிவப்பு உறை. ஆபத்தில் கைகொடுத்தவருக்கு அன்றைக்கே சிவப்பு உறை கொடுத்துவிட வேண்டும், அப்போதுதான் தீட்டு கழியும். இரண்டு கையாலும் நீட்டினாள்.

"மாஸ்டர் மாத்தினது நான் கேட்டப்ப உங்களுக்கு மறந்து போச்சு, இல்லையா? பரவாயில்ல அண்ணே, யாருக்குத்தான் மறக்காது? மாஸ்டருக்குத் தெரிஞ்சா உங்களை இனிமே வண்டியிலயே ஏத்த மாட்டாரு. அதான் பழியை நான் எடுத்துக்கிட்டேன். நீங்க மட்டும் பிரேக் போடலன்னா நான் இந்நேரம் பொட்டலம்."

வாங்காமல் இருக்க முடியாது, வாங்கினால் கை சுடுகிறது. வாங்கிக்கொண்டான். லின் அக்கா தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, "உயிரைக் காப்பாத்தினவன் மூஞ்சியா இது? திருடி மாட்டிக்கிட்டவன் மாதிரி முழிக்கறே" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கழுவி வந்த பிலிமைப் போட்டுப் பார்த்தார்கள். சின்னத் திரையரங்கு. மாஸ்டர், கிட்-லிங், ஃபாய், அப்புறம் படம் ஓட்டுகிறவர். முதல் பாதி நினைத்தபடி பொம்மை கார்தான். ஆனால் அவள் வண்டி பஸ்ஸின் மூக்கைச் சுற்றி வழுக்குகிற அந்த மூன்று வினாடி இருக்கிறதே, மாஸ்டரே நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார்.

"அடி சக்கை! இதை மட்டும் வெட்டி எடுத்துக்கலாம். இன்னொரு கேமரா எடுத்ததைப் போடு."

இன்னொரு கேமரா மினிபஸ்ஸுக்குப் பின்னால், இரண்டாவது மாடியில் இருந்தது. மேலேயிருந்து பார்த்தால் பஸ்ஸின் முதுகும் தெரிந்தது, கொட்டகையும் தெரிந்தது, அதற்கு அந்தப் பக்கம் பெரிய ரோடும் தெரிந்தது. பஸ் நகர்ந்தது. அதன் பின்னால் இரண்டு பிரேக் விளக்கும் பளிச்சென்று சிவந்தன. அப்புறம், நிதானமாக, வெகு நேரம் கழித்து என்று சொல்கிற அளவுக்கு நிதானமாக, கொட்டகை மறைவிலிருந்து அவள் வண்டி வெளியே வந்தது.

"திருப்பிப் போடு" என்றார் மாஸ்டர்.

மறுபடியும் விளக்கு எரிந்தது. மறுபடியும் வண்டி பிறகுதான் வந்தது.

"இன்னொரு தரம்."

மூன்றாவது தடவையும் அதேதான். படம் முடிந்து வெள்ளைத் திரை எரிந்துகொண்டிருந்தது. மாஸ்டர் திரும்பாமலே கேட்டார். "அவ வர்றதுக்கு முன்னாடியே மிதிச்சிருக்கே. அங்கேயிருந்து உனக்கு அவ தெரிய வழியே இல்ல. அவ எண்பதுல வர்றான்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

மறந்தவன் பிரேக் போட்டிருக்க மாட்டான். எல்லாம் பேசி வைத்தபடிதான் என்று நம்பி, நிம்மதியாகச் சந்திக்குள் போயிருப்பான். தெரிந்தவன்தான் மிதிப்பான். கிட்-லிங்குக்கு இது புரிய எவ்வளவு நேரம் ஆகும்? ஃபாய் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் நாற்காலி கிறீச்சிட்ட சத்தம் மட்டும் கேட்டது.

"மாஸ்டர்" என்றான். அதற்கு மேல் எந்தப் பொய்யும் நாக்கில் ஏறவில்லை. "நான் சொல்லல. வேணும்னுதான் எண்பதுன்னு சொன்னேன்."

"வெளிய போ" என்றார் மாஸ்டர்.

எழுந்தான். சிவப்பு உறை பிரிக்காமல் சட்டைப் பையிலேயே இருந்தது. கதவுவரை போனவனைக் கிட்-லிங்கின் குரல் நிறுத்தியது.

"மாஸ்டர், தோணி சீன்ல என் பக்கத்துல கதாநாயகி உக்காரணும் இல்ல? பொம்மை வைக்கப் போறதா சொன்னீங்க. பொம்மை வேண்டாம். கழுத்து தொங்கும், பாக்கறவனுக்குத் தெரிஞ்சிடும். இவரு உக்காரட்டும்."

"பைத்தியமா உனக்கு?"

"விக் இருக்கு. பழக்கமும் இருக்கு. வர மாட்டேன்னா அவரே சொல்லட்டும்."

மாஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஃபாய் கதவின் பிடியைப் பிடித்தபடி, "வரேன்" என்றான்.

பத்து நாள் கழித்து, வெயில் சுள்ளென்று அடிக்கிற ஒரு காலையில், படகுத்துறையில் சாய்தளம் தயாராக நின்றது. எதிரே கடலில் தோணி. அதன்மேல் வண்டி வந்து விழுவதற்குக் காலி அட்டைப் பெட்டிகளை மலையாகக் குவித்திருந்தார்கள். ஃபாய் விக்கைச் சீவி மாட்டிக்கொண்டு கிட்-லிங்குக்கு இடப்பக்கம் உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கினான். ஹீரோ வண்டிக்குள் அவன் உட்கார்வது இதுதான் முதல் தடவை. அவன் கனவு கண்ட வண்டி, கனவு கண்ட தாவல். கால்மாட்டில் பார்த்தான். வெறும் ரப்பர் விரிப்பு.

பத்து நாளாக அவள் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ரொட்டியும் இல்லை. இப்போது எஞ்சினைக் கிளப்பிவிட்டு முகத்தைத் திருப்பினாள்.

"கேமரா நாப்பத்தெட்டு. வண்டி தொண்ணூறு. சாய்தளத்துல ஏறும்போது ஒன்பது எண்ணியிருக்கணும். மாஸ்டர் எனக்குச் சொன்னாரு, நான் உங்களுக்குச் சொல்லிட்டேன்."

ஃபாய் அவளைப் பார்த்தான். தலையாட்டினான்.

ஹாரன் அடித்தது. வண்டி பாய்ந்தது. ஒன்று, இரண்டு என்று அவன் வாய்க்குள் எண்ணினான். அவள் கியர் மாற்றியது அவனுக்குத் தெரியவே இல்லை, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி அவ்வளவு மெத்தென்று மாற்றினாள். ஐந்து. எதிரே சாய்தளம் சுவராக எழுந்தது. ஏழு. அவள் கண் இமைக்கவில்லை. சாகப் போகிறோமோ என்கிற அந்த நேரத்திலும் அவனுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது, ஒளிக்காமல் சொல்வதென்றால் முன்பைவிட அதிகமாகவே இருந்தது. எட்டு. ஒன்பது. தரை போயிற்று. கீழே கடல் மட்டும் பச்சையாகக் கிடந்தது.

அட்டைப் பெட்டிகள் நொறுங்கி வண்டி நின்றபோது அவன் உடம்பில் எல்லாம் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தன. கரையிலிருந்து கூச்சலும் கைத்தட்டலும் வந்தன. கிட்-லிங் எஞ்சினை அணைத்தாள். பிறகு குனிந்து அவன் காலைப் பார்த்தாள். அவன் வலது கால், இல்லாத பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது. ரப்பர் விரிப்பு கசங்கிப்போய் மடிந்திருந்தது.

"எந்த எண்ணிக்கையில மிதிச்சீங்க?"

"ஏழு" என்றான்.

"அன்னைக்கும் ஏழுதான். பிலிமை வச்சு கணக்கு போட்டேன்."

ஃபாய் விக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். உள்ளே சொந்த முடி வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. "பொறாமைதான்மா" என்றான். "வேற ஒண்ணும் இல்ல. இப்பவும் இருக்கு."

"தெரியும். பக்கத்துல உக்காந்திருக்கும்போதே சூடு அடிச்சுது." அவள் கதவை உதைத்துத் திறந்தாள். "ஏழாவது எண்ணிக்கை வரைக்கும் நீங்க என்னைச் சாகடிக்கத்தான் வந்தீங்க அண்ணே. அப்புறம்தான் பிரேக் போட்டீங்க. நான் கொடுத்த உறையைத் திருப்பித் தராதீங்க, அது ஆகாது. ஆனா செலவும் பண்ணாதீங்க."

அவள் பெட்டிகளின்மேல் ஏறி நின்று கரைக்குக் கையசைத்தாள். எல்லோரும் ஹீரோவுக்குத் தட்டுகிற மாதிரி தட்டினார்கள். ஃபாய் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். பிறகு அவனும் கை தட்டினான்.